எந்த மாதிரி வலிக்குது?

என் கீழுதட்டின் இடது ஓரத்திலிருந்து முகவாயின் நடுப்பகுதி வரை ஓர் இடம் இருக்கிறது. ஒரு ரிங்கிட் நோட்டை நான்காக மடித்தால் வரும் அளவு. அங்கே விரலை வைத்தால் விரல் பட்டது சரியாகத் தெரியாது. அது மரத்துப்போன இடம். ஆனால் காற்று பட்டால் எரியும். முகக்கவசத்தின் துணி உரசினால் எரியும். சில நாள் எதுவும் படாமலே எரியும். "மரத்துப் போச்சுன்னா அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்களில் ஒரு பல் மருத்துவரும் உண்டு.

2022 ஜூன் பள்ளி விடுமுறையில் கிள்ளானில் ஒரு தனியார் கிளினிக்கில் இடது கீழ் ஞானப்பல்லை எடுத்தேன். பல் நேராக முளைக்காமல் சாய்ந்து, பக்கத்துக் கடவாய்ப்பல்லை முட்டிக்கொண்டு கிடந்தது. வருடத்துக்கு இரண்டு முறை ஈறு வீங்கும். பள்ளி நாளில் எம்.சி. எடுக்க வேண்டாம் என்றுதான் விடுமுறைக்காகக் காத்திருந்தேன். மரப்பு ஊசி உள்ளே போனபோது உதட்டில் மின்சாரம் அடித்ததுபோல ஒரு வெட்டு வெட்டியது. நான் துள்ளினேன். "சரி சரி, முடிஞ்சது" என்றார் மருத்துவர். பல்லை உடைத்து உடைத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

மறுநாள் காலையில் உதடு மரத்தே இருந்தது. கஞ்சி குடித்தேன், வாயோரத்தில் வழிந்தது தெரியவில்லை. கிளினிக்குக்கு அழைத்தேன். "ரெண்டு வாரத்துல சரியாயிரும்" என்றார்கள். இரண்டு வாரம் காத்திருந்தேன். மூன்றாவது வாரம் மரத்த இடத்துக்குள்ளேயே எரிச்சல் தொடங்கியது. மிளகாய் அரைத்த கையால் உதட்டைத் தொட்டுவிட்டதுபோல. கழுவலாம் என்று தோன்றும். கழுவினால் தண்ணீரும் எரியும்.

அம்மாதான் முதலில் பயந்தார். முகவாதமோ என்று. "சிரி பாக்கலாம், கண்ண மூடு பாக்கலாம்" என்று தினமும் சோதித்தார். எனக்குச் சிரிப்பு நேராகத்தான் வந்தது, கண்ணும் மூடியது. முகத்துக்கு ஒரே ஒரு நரம்புதான் என்று நானும் அப்போது நினைத்திருந்தேன். முகத் தசைகளை அசைப்பது ஏழாவது மண்டை நரம்பு. வாய் கோணிப்போவது அதன் கோளாறு. முகத்தில் தொடுதலையும் சூட்டையும் வலியையும் உணர்வது ஐந்தாவது நரம்பு. அது மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும். அந்த மூன்றாவதன் ஒரு கிளை கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் வழியாக, பல் வேர்களுக்கு அடியில் ஓடி, முகவாயில் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து உதட்டுக்குப் போகிறது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு அந்தக் குழாயை ஒட்டியே இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது. அதுவரை நான் வலியோடு ஒவ்வொரு கிளினிக்காகப் போய் வந்தேன்.

முதல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். புண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார்கள். இரண்டாவது கிளினிக்கில் பக்கத்துப் பல்லைத் தட்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் முழுக்க எரிந்துகொண்டிருந்ததால் தட்டியதும் வலிப்பதுபோல இருந்தது. நானும் தலையாட்டினேன். ரூட் கெனால் செய்தார்கள். 900 ரிங்கிட். எரிச்சல் அப்படியே இருந்தது. மூன்றாவது கிளினிக்கில், ரூட் கெனால் செய்தும் வலி போகவில்லை என்றால் பல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். தேதி குறித்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. வலிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று.

வீட்டில் அதற்குள் எல்லோரும் களைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் அவரும் ஒருநாள் "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்னுதானே வந்திருக்கு" என்றார். அந்த வாக்கியத்தில் அவர் சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பல் எடுப்பதற்கு முந்தைய ஞாயிறு, அம்மா வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். தோசையை இடப்பக்கம் படாமல் மென்றுகொண்டிருந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க பாட்டிக்கும் இப்படித்தான். ஒவ்வொண்ணா புடுங்கினாங்க. கடைசில ஒரு பல்லு இல்ல. வலி மட்டும் இருந்துச்சு."

*

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எனக்கு நினைவு தெரிந்தபோதே அவருக்கு வாயில் பல் கிடையாது. கிழவி என்றால் பல் இருக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா சொல்லித்தான் தெரிந்தது, கடைசிப் பல்லை எடுத்தபோது பாட்டிக்கு 45 வயதுகூட ஆகவில்லை.

1973இல் தொடங்கியிருக்கிறது. வலப்பக்கக் கன்னத்தில் 'சுரீர்' என்று ஒரு வெட்டு. மின்னல் மாதிரி வந்து போகும். முகம் கழுவினால் வரும், வாய் கொப்பளித்தால் வரும், விடிகாலையில் மரத்தடிக்குப் போகும்போது குளிர்காற்று கன்னத்தில் பட்டால் வரும். தோட்டத்து டிரெசர் பல்வலி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கிராம்புத் தைலம் தடவினார்கள். கோடாலித் தைலம் தடவினார்கள். கடைசியில் ஒரு கடவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள்.

பிடுங்கியதும் வலி நின்றுவிட்டது. நான்கு மாதம் எதுவுமில்லை. பிறகு மறுபடி வந்தது. அடுத்த பல். மறுபடி சில மாதம் நிம்மதி. மறுபடி வலி, மறுபடி பல். மூன்று வருடத்தில் வலப்பக்கம் முடிந்தது. பிறகு டவுனுக்குப் போய் மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டார்கள். பல்லே இல்லாத வாயில் பல்வலி வந்தபோது, அது செய்வினை என்றார்கள். கோழி அறுத்தார்கள். கோழியிலும் போகாதபோது நடிப்பு என்றார்கள். வெட்டுக்குப் போகாமல் இருக்கக் கிழவி நடிக்கிறாள் என்று. இதைச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நடிப்பு என்று சொன்னவர்களில் தாத்தாவும் இருந்தார்.

நானும் இருந்தேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

1996 தீபாவளிக்கு நாங்கள் எல்லோரும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. பாட்டி பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று பாதிச் சொல்லில் நின்றுவிடுவார். வலது கை கன்னத்துக்கு அருகே போகும், ஆனால் கன்னத்தைத் தொடாது. கண் ஒரு பக்கமாகச் சுருங்கும். மூச்சுகூட விடமாட்டார். பத்து எண்ணுவதற்குள் மறுபடி பேசத் தொடங்கிவிடுவார். அதை வைத்து நான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். 'பாட்டி சிலை.' ஒருவர் கத்தினால் மற்ற எல்லோரும் கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உறைய வேண்டும். யார் அசைகிறார்களோ அவர்கள் அவுட். என் மாமா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லயத்து வாசலில் நாங்கள் ஆறு பேரும் சிலையாக நின்றுகொண்டிருந்தபோது பாட்டி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் எங்களுக்கு முறுக்கு எடுத்து வந்து கொடுத்தார்.

அவர் 1999இல் இறந்தார். இருபத்துமூன்று வருடம் நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தோசைத் தட்டுக்கு முன்னால், என் இடது கை தாடைக்குப் பக்கத்தில், தொடாமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை கிளினிக்குக்கு அழைத்து, பல்லை எடுக்க வரவில்லை என்றேன்.

*

அரசாங்க மருத்துவமனையில் வாய், முக அறுவை சிகிச்சைப் பிரிவு என்று ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அரசாங்கப் பல் கிளினிக்கில் கடிதம் வாங்கி, தேதி கிடைக்க ஏழு வாரம் காத்திருந்தேன். கட்டணம் 5 ரிங்கிட்.

உள்ளே போனதும் மிஸ்ஸி கேட்டார்: "வலி பத்துக்கு எவ்வளவு?" மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் 2008 முதல் இப்படிக் கேட்கிறார்கள். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவதாகக் குறித்துக்கொள்கிறார்கள். நான் "நாலு" என்றேன். பள்ளிக்குப் போய் வருகிறேனே, ஏழு என்று சொன்னால் நம்புவார்களா என்று எனக்குள்ளேயே ஒரு கணக்கு. என்னை நானே நம்பாத அளவுக்கு வந்திருந்தேன்.

மருத்துவர் மலாய்ப் பெண். என்னைவிட இளையவர். எக்ஸ்ரே உறையைத் திறக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார்: "எந்த மாதிரி வலிக்குது?"

ஏழு மாதத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தட்டிப் பார்த்து இங்கேயா, இங்கேயா என்று கேட்டார்கள். எந்த மாதிரி என்று கேட்கவில்லை. நான் மலாயில் 'சாக்கிட்' என்றேன். வேறு சொல் வரவில்லை. "பேடேவா? ஙிலுவா? குத்துதா?" என்று அவரே அடுக்கினார். நான் விழித்ததைப் பார்த்து, மிஸ்ஸியைக் கைகாட்டி, "தமிழில் சொல்லுங்கள், அவர் மொழிபெயர்ப்பார்" என்றார்.

நான் தமிழாசிரியர். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இருந்தாலும் என் வாயில் புத்தகத்துச் சொல் எதுவும் வரவில்லை. அம்மாவின் சொற்கள்தான் வந்தன. காந்துது. நமநமங்குது. சில நேரம் சுள்ளுன்னு இழுக்குது. எறும்பு ஊருற மாதிரி இருக்கு. மரத்துப்போயிருக்கு, ஆனா மரத்ததுக்குள்ள காந்துது. பல்லு மாதிரி விண்விண்ணுன்னு தெறிக்கல டாக்டர், அது வேற.

மிஸ்ஸி சொல்லச் சொல்ல மருத்துவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். எறும்பு என்றதும் சிரித்தார். மலாயிலும் இதற்கு எறும்புதானாம், 'செமுட்'. மருத்துவ ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் சொல்லும் எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் வந்தது என்றார். எல்லா ஊரிலும் நரம்பு கெட்டால் எறும்புதான் ஊருகிறது.

அந்தத் தாளில் பத்துக் கேள்விகள். எரிகிறதா, வலிக்கும்படியான குளிர்ச்சி உண்டா, மின்சாரம் அடிக்கிறதா, குறுகுறுப்பு, ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, மரப்பு, அரிப்பு இருக்கிறதா என்று ஏழு. மீதி மூன்று அவர் தொட்டுப் பார்த்து நிரப்ப வேண்டியவை. பத்தில் நான்கு வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு எட்டு வந்தது.

கண்ணை மூடச் சொன்னார். பஞ்சு நுனியால் தொட்டார். பட்டதா, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். ஊசியின் கூர்முனையையும் மொட்டைமுனையையும் மாற்றி மாற்றி வைத்து எது எது என்று கேட்டார். வலப்பக்கம் எல்லாம் சரியாகச் சொன்னேன். இடப்பக்கம் கூர்முனை தெரியவில்லை. ஆனால் பஞ்சு பட்டதும் துள்ளினேன். பஞ்சு! ஊசி தெரியாத இடத்தில் பஞ்சு எரிந்தது. எனக்கே அது கேவலமாக இருந்தது. அவர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார் போல. ஒரு பேனாவால் என் முகத்தில் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார், படம் எடுத்தார். கோடு நடுவில் சரியாக நின்றது. அந்தப் பக்க நரம்பின் எல்லை அதுதான் என்றார். நடிக்கிறவருக்கு அந்த எல்லை தெரியாது என்று அவர் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு முப்பரிமாண ஸ்கேன். பல் இருந்த குழிக்கு அடியில் நரம்புக் குழாயின் சுவர் உடைந்திருந்தது. மூளைப் பக்கம் வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது முதல்முறையாக எனக்கு உதவியது.

பெயரும் கொடுத்தார். காயத்துக்குப் பின் வரும் ஐந்தாம் நரம்பு வலி. காயம்பட்ட ஆறு மாதத்துக்குள், அந்த நரம்பு பரவியிருக்கும் இடத்திலேயே, உணர்ச்சி மாற்றத்தோடு சேர்ந்து வந்தால் இந்தப் பெயர். நசுங்கிய நரம்பு தொடுதலைச் சரியாகக் கொண்டுபோவதில்லை, அதனால் மரப்பு. ஆனால் சும்மா இருக்காமல் தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது, அதனால் எரிச்சல். "வயர் அறுந்தா விளக்கு எரியாது. பாதி அறுந்தா?" என்றார். "தீப்பொறி வரும்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுதேன். வலிக்காக இல்லை.

*

வலியின் சொற்களை ஒருவர் மெனக்கெட்டுச் சேகரித்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர். நோயாளிகளும் மருத்துவர்களும் வலிக்குச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து, 1975இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். பத்துக்கு எத்தனை என்பது வலியின் அளவை மட்டும் சொல்லும். சொல்தான் வலியின் ஜாதகத்தைச் சொல்லும்.

அடுத்த வாரம் என் வகுப்பில் மாணவர்களிடம் வலிக்கு எத்தனை சொல் தெரியும் என்று கேட்டேன். முதலில் "வலி டீச்சர்" என்று ஒன்றே ஒன்று வந்தது. வீட்டில் பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் பலகை போதவில்லை. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், காந்தல், நமைச்சல், கூச்சம், இழுப்பு, பிடிப்பு, தெறிப்பு, நோவு. ஒரு பையன் எழுந்து "மொண்டி வலி டீச்சர்" என்றான். அப்படியென்றால் என்ன என்றேன். "எங்க தாத்தா சொன்னாரு. வலிக்குது, ஆனா எங்கன்னு தெரியாது." அதையும் எழுதிக்கொண்டேன். கால் உளையும், பல் கூசும், வயிறு கடுக்கும். மாற்றிச் சொன்னால் நமக்கே தப்பாகக் கேட்கிறது. அதற்குள் ஒரு பாதி நோயறிதல் இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது மட்டும் அதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு 'சாக்கிட்' ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறோம்.

வகரமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேற்பல் இதழைத் தொட வகரம் பிறக்கும் என்று நன்னூல் சொல்வதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். என் மேற்பல் கீழுதட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் எரிந்தது. தினமும் காலையில் முப்பத்திரண்டு பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். நான் பதிலுக்கு 'வணக்கம்' சொல்ல வேண்டும். பல நாள் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன். வலி என்ற சொல்லும் வகரத்தில்தான் தொடங்குகிறது.

*

சிகிச்சையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாக நடக்கும் வேலை. சாதாரண வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள், பிறகு 25. மனச்சோர்வுக்கு அதிக அளவில் தரும் மருந்து அது. குறைந்த அளவில் நரம்பின் கூச்சலைத் தணிக்கும். டப்பாவில் எழுதியிருந்ததை அம்மா கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, "பைத்தியத்துக்குக் குடுக்கிற மாத்திரையாடி?" என்றார். வாய் வறண்டது. காலையில் எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது வாரம்தான் எரிச்சல் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு காபாபென்டின் சேர்த்தார்கள். எதையும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எச்சரித்தார்கள். மரப்பு மருந்து தடவிய ஒட்டுப்பட்டையை வெட்டி இரவில் முகவாயில் ஒட்டிக்கொள்வேன்.

அறுவை சிகிச்சை செய்து நரம்பைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். ஆரம்ப வாரங்களில் வந்திருந்தால் அதை யோசித்திருக்கலாம் என்றார். வலி இவ்வளவு நாள் ஊறிய பிறகு மறுபடி கத்தி வைத்தால் கூடவும் செய்யலாம். ஆரோக்கியமான பல் எதையும் இனி இதற்காகத் தொடாதீர்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வலி சிகிச்சைப் பிரிவில் ஓர் உளவியலாளரையும் பார்க்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. மறுபடி மனசுதானா என்று. வலி பொய் என்பதற்காக இல்லை, வலியோடு வாழும் ஆளையும் கவனிக்க வேண்டும் என்பதற்காக என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். வலிக்குமோ என்று பயந்து நான் விட்டுவிட்டவற்றைப் பட்டியல் போடச் சொன்னார். மின்விசிறிக்குக் கீழே உட்காருவது. ஐஸ் மைலோ. வகுப்பில் சத்தமாகக் கதை படிப்பது. மகள் கன்னத்தில் முத்தம் கொடுக்க வரும்போது முகத்தைத் திருப்பாமல் இருப்பது. ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தோம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பட்டுத்துணி, பருத்தித்துணி, சொரசொரப்பான துண்டு என்று தினமும் சில நிமிடம் உதட்டில் தடவினேன். இது துணி, நெருப்பு இல்லை என்று மூளைக்குப் பாடம் நடத்துவது. வாத்தியார் வேலைதானே, செய்தேன்.

மூன்று வருடம் ஆகிறது. இடம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. பெரும்பாலான நாள் இரண்டு அல்லது மூன்று. மழைக்கு முன்னால் வீசும் காற்றில் ஐந்து. இப்போது எண்ணைக் குறைத்துச் சொல்வதில்லை.

யாராவது ஞானப்பல் எடுக்கப் போகிறேன் என்றால் நான் பயமுறுத்துவதில்லை. பெரும்பாலானோருக்கு எதுவும் ஆவதில்லை. உதடு மரத்தவர்களிலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மாதங்களில் திரும்பிவிடுகிறது. வேர் நரம்புக் குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள் என்பேன். ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பேன். என் படிவத்திலும் உதடு மரத்துப்போகலாம் என்று ஒரு வரி இருந்தது. நான் படிக்கவில்லை, யாரும் படித்துக் காட்டவும் இல்லை. மறுநாளும் மரப்பு போகவில்லை என்றால் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், நேரில் போய் நில்லுங்கள் என்பேன்.

*

ஒரு முறை, மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த மருத்துவரிடம் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். வெட்டு, முகம் கழுவினால், காற்று பட்டால், சில நொடி, நடுவில் ஒன்றுமே இல்லாத மாதங்கள், பிடுங்கிய பற்கள். அவர் எழுதுவதை நிறுத்தினார். பார்க்காத நோயாளிக்குப் பெயர் வைக்க முடியாது என்றார். ஆனால் இது உங்கள் வலி இல்லை, அதன் அக்கா என்றார். அதே ஐந்தாவது நரம்பு. ஆனால் காயத்தால் இல்லை. மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதால் பெரும்பாலும் வருவது. எரிச்சல் நிரந்தரமாக இருக்காது, மின்னலாக வந்து போகும். மாதக்கணக்கில் தானாகவே ஓய்ந்திருக்கும், பிறகு திரும்பும்.

"தானாகவேவா?" என்றேன்.

"தானாகவே."

அப்படியென்றால் பாட்டியின் வலி நின்றது பல்லைப் பிடுங்கியதால் இல்லை. அது நிற்கும் நேரத்தில் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் ஜெயித்ததாக நினைத்து அடுத்த பல்லுக்குப் போயிருக்கிறார்கள்.

அந்த வலிக்குக் கார்பமாசெபைன் என்ற மருந்து நன்றாகக் கேட்கும் என்று 1962லேயே எழுதிவிட்டார்கள். நம் பக்கத்து மக்களில் ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு அது தோலை உரித்துவிடும் அளவுக்கு ஒவ்வாமையைத் தரலாம் என்பதால் இப்போது முதலில் ரத்தம் சோதித்துப் பார்க்கிறார்கள். பாட்டியின் முதல் பல் 1973. பதினொரு வருடத்துக்கு முன்பே மருந்து இருந்திருக்கிறது. அந்த லயத்துக்கு அது வரவில்லை. பாட்டி டிரெசரிடம் 'சுரீருன்னு வெட்டுது, அப்புறம் ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அந்த வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் பாட்டியின் திதிக்கு அம்மாவிடம் 'பாட்டி சிலை' விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்களுக்குத் தெரியும், புள்ளைங்கதானேன்னு விட்டிருப்பாங்க" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆறுதலாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் சொல்லவில்லை என நினைக்கிறேன்.

படையலில் எப்போதும் பாட்டிக்குத் தேத்தண்ணியும் அதில் ஊறவைக்க பிஸ்கட்டும் வைப்போம். பல் இல்லாதவர் என்பதால். அம்மா கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றி எடுத்து வந்தார். நான் வாங்கி, ஆற்றினேன். சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல், உதட்டில் பட்டால் தெரியாத பதம் வரும்வரை. அந்தப் பதம் எது என்று எனக்குத் தெரியும். பிறகு இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.